பாகாயம் போனா என்ன கேப்பாங்க?

வேலூர்ப் பக்கம் ஒருத்தன் கொஞ்சம் ஏடாகூடமா பேசினா போதும், "இவனை பாகாயத்துல சேர்க்கணும்டா"ன்னு ஒரு கமெண்ட் விழும். சென்னைக்காரங்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி எங்களுக்கு இது. சிஎம்சியோட மனநல மையம் 1957லேர்ந்து அங்க இருக்கு. உள்ள சேர்றவங்களோட வீட்டு ஆளுங்களும் கூடவே தங்கி சிகிச்சையில பங்கெடுக்கணும்னு ஆரம்ப காலத்துலயே கொண்டுவந்த இடம். ஊருக்குள்ள அது வெறும் கிண்டல் வார்த்தை. கொடுமை.

எனக்கு வந்தது ராத்திரி படபடப்பு. ஆன்-கால் வாரத்துல போன் அடிச்சாலே நெஞ்சு இறுகும், கை வேர்க்கும். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். மனநல டாக்டரைப் பாருங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்ல தங்கச்சிக்கு வரன் பாத்துட்டு இருக்கற நேரம். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி ஷிப்ட் விடறதுக்குள்ள சேதி ஊரைச் சுத்திடும். அம்மா ஒரே வரியில முடிச்சாங்க: "யார் கேட்டாலும் சிஎம்சிக்கு செக்கப்புன்னு சொல்லு." பொய்யும் இல்ல பாருங்க :-)

முதல் தடவை போறவங்க எதிர்பார்க்க வேண்டியது கேள்வி. நிறைய கேள்வி. தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்ப ஆரம்பிச்சது, அதுக்கு முந்தி என்ன நடந்தது, குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சா, குடிப்பழக்கம் உண்டா, செத்துடலாம்னு தோணிச்சா. கடைசிக் கேள்வியையும் சாப்டியான்னு கேக்கற தொனியிலயே கேப்பாங்க. பயப்படாதீங்க, வழக்கமா கேக்கறதுதான். ஒரு பக் வந்தா "எப்ப வருது, எத்தனை தடவை"ன்னு நாம நோண்டுவோமே, அதே கதை. அன்னிக்கே ஃபிக்ஸ் கிடைக்காது.

கூட வந்த அப்பாவையும் தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க. தோல் ஷாப்புலயே காலத்தை ஓட்டின மனுஷன், அதிகம் பேச மாட்டார். வெளிய வந்து, "நீ ராத்திரி மாடியில நடக்கறது எனக்குத் தெரியும்டா"ன்னார். ஆம்பூர் வர்ற வரைக்கும் பஸ்ல வேற ஒண்ணும் பேசல.

அப்புறம் வாரா வாரம் முக்கால் மணி நேரம். நம்ம ஊர்ல கஷ்டம்னு வாயைத் திறந்தா யோகா பண்ணு, கல்யாணம் பண்ணு, தர்காவுல ஓதி வாங்குன்னு ஆளுக்கொரு அட்வைஸ். தெரபியில அது வராது. (இதுக்கு முன்னாடி வேற ஊர்ல ஒருத்தர் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணி காசும் வாங்கினார். அது தெரபி இல்ல.) வீட்டுப்பாடம் உண்டு. படபடப்பு வந்தா அந்த நிமிஷம் மனசுல ஓடினதை அப்படியே எழுதணும். நான் எழுதினது: "வேலை போயிடும், தங்கச்சி கல்யாணம் நின்னுடும்." ஒரு போன் காலுக்கு இவ்ளோ பின்னாடி இருக்குன்னு பேப்பர்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது. முதல் சில வாரம் திரும்பி வரும்போது அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். நின்னுடாதீங்க.

மாத்திரை எழுதறது சைக்கியாட்ரிஸ்ட். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் எழுத மாட்டாங்க, ஆனா அவங்களுக்கு ஆர்சிஐ பதிவு இருக்கணும், தாராளமா கேளுங்க. நீங்க சொல்றது ரகசியமா இருக்கும். உயிருக்கு ஆபத்து மாதிரி சில சமயம் மட்டும் வேற விஷயம்.

நேர்ல போக முடியலன்னா 14416, டெலி மனஸ். 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மொட்டை மாடிக்குப் போய் பேசினா வீட்ல யாருக்கும் கேக்காது. எங்க அப்பா மாதிரி ஆள் இருந்தா கஷ்டம்.