ஒரு கேள்வியில் தோற்ற கதை

போன வருடம் நம் மன்றம் நடத்திய விநாடி வினாவில் எங்கள் மெக்கானிக்கல் அணி கடைசிச் சுற்றில் தோற்றதை நண்பர்கள் பலர் இன்னும் மறக்கவில்லை. தோற்கடித்த புண்ணியவான் நான்தான்! "2001ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றவர் யார்?" என்றார்கள். யோசிக்காமல் எம்.எஸ்.சுவாமிநாதன் என்றேன். அவர் வாங்கியது 1987இல். அதுதான் முதல் பரிசு. சரியான விடை, பெர் பின்ஸ்ட்ரப் ஆண்டர்சன். வாயில் நுழையாத இந்தப் பெயராலா தோற்றோம் என்ற கடுப்பில் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

டென்மார்க்காரர். வேளாண் பொருளாதாரம் படித்தவர். 1969இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பிறகு கொலம்பியாவில் ஒரு சர்வதேச வேளாண் ஆய்வு மையத்தில் வேலை. பசுமைப் புரட்சிக் காலம் அது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதுதான் அப்போது பெரிய பேச்சு. இவரோ காலி நகரத்து (ஊர்ப் பெயரே அதுதான், கிண்டல் இல்லை!) வீடுகளை வருமான வாரியாகப் பிரித்து, எந்தப் பொருளின் விளைச்சல் கூடினால் அது ஏழை வீட்டுத் தட்டுக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டார். அந்த ஆய்வு 1976இல் வெளியானது. 1987இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1992 முதல் 2002 வரை வாஷிங்டனில் உள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் தலைமை இயக்குநர்.

அவரைத் தேடப் போய் அந்தத் துறையிலேயே கொஞ்சம் மாட்டிக்கொண்டேன். லாரன்ஸ் ஹடாட், ரவி கன்பூர் இருவரும் 1990இல் பிலிப்பைன்ஸ் குடும்பங்களின் விவரங்களை வைத்து ஒன்று காட்டினார்கள். ஒரு வீட்டை ஒரே வயிறாக நினைத்துக் கணக்கிட்டால் ஏற்றத்தாழ்வு உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும் என்று. 2007இல் வந்த ஒரு அளவுகோலில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. கடந்த நான்கு வாரத்தில் சாப்பாடு பற்றாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா, வழியில்லாமல் ஒரே மாதிரி சாப்பாட்டையே சாப்பிட்டீர்களா, பசியோடு படுத்தீர்களா... இப்படிப் போகும்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது விளையாட்டாக அம்மாவிடம் இதைக் கேட்டேன்.

"போடா, ரேஷன் அரிசிதான் இருக்கே. நாம என்ன பஞ்சத்திலயா கெடக்கோம்?" என்று சிரித்தாள். ஒன்பதுக்கும் 'இல்லை'தான்! கணக்குப்படி எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தங்கச்சி தலையைத் தூக்காமலே, "அண்ணா, அம்மா குழம்பு ஊத்திச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு கேளு" என்றாள்.

வயலில் வேலை செய்யும்போது அம்மாவுக்கு இரண்டு தடவை தலை சுற்றி விழுந்திருக்கிறது. ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் இருக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் மெஸ் பில்லை நினைத்து நான் கவலைப்படுவேனாம். அந்த மெஸ்ஸில்தான் சாம்பார் சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி எங்களோடு சேர்ந்து சாப்பிட அம்மாவையும் பிடித்து உட்கார வைத்தோம். வேண்டாம், அப்புறம், அடுப்பில் வேலை இருக்கு என்று எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். விடவில்லை. அப்பா, நான், தங்கச்சி என்று வரிசையாக நானே ஊற்றிக்கொண்டு வந்தேன். நாலாவது தட்டுக்கு வரும்போது கரண்டி சட்டியின் அடியில் இடித்தது. அன்றைக்கு மட்டும் குறைந்துபோன குழம்பு இல்லை அது. எப்போதுமே மூன்று பேருக்கு அளந்துதான் அம்மா குழம்பு வைத்திருக்கிறாள்.