பால் வண்டியும் 100 ஜிபியும்

நம்ம பொழப்பு பொட்டி தட்டுறதுன்னு உங்களுக்கே தெரியும். அதுல ராத்திரி ஷிஃப்ட்டுல புடுங்கின ஒரு தேவையில்லாத ஆணியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2019-ல் நடந்தது. ஒரு பால் கம்பெனியோட சர்வர், சென்ட்ஓஎஸ் 7. எந்த வண்டியில எத்தனை டிரே ஏத்தணும்ங்கற பட்டியல் விடியக்காலை 4 மணிக்கு அதுலேர்ந்துதான் வரணும். ஒன்றரை மணிக்கு டேட்டாபேஸ் படுத்துடுச்சு. பார்த்தா, வார் வால்யூம் 100 சதவீதம் ரொம்பி வழியுது.

இது பெரிய வித்தை இல்லை. விர்ச்சுவல் மெஷின்தானே, டிஸ்க்கை 100 ஜிபி கூட்டச் சொல்லி வாங்கி, பிவிரீசைஸ், அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட். புதுசா வர்றவங்க இதோட நிறுத்திட்டு, டிஎஃப்-ல் பழைய அளவே காட்டுதேன்னு முழிப்பாங்க. பக்கத்து மனையை வாங்கிப் பத்திரம் பதிஞ்சாச்சு, வேலியை யாரு நகர்த்துறது? வால்யூம் வேற, உள்ளே இருக்கிற ஃபைல் சிஸ்டம் வேற. அதையும் தனியா வளர்க்கணும். எல்விஎக்ஸ்டெண்ட்லயே 'மைனஸ் ஆர்' போட்டா ரெண்டும் ஒரே மூச்சுல முடிஞ்சிடும்.

எனக்கும் முடிஞ்சுது. வாருக்கு இல்லீங்க, ஹோமுக்கு! தூக்கக் கலக்கத்துல பழைய கமாண்டை மேலேர்ந்து எடுத்து, பேரை மாத்தாம என்டர் தட்டிட்டேன். 100 ஜிபியும் போச்சு. ஸ்டோரேஜ்ல வேற இடமும் மிச்சமில்லை.

திருப்பி வாங்கலாம்னா அது எக்ஸ்எஃப்எஸ். வளரும், சுருங்காது. (ஈஎக்ஸ்டி4-ஆ இருந்தா அன்மவுண்ட் பண்ணிட்டுக் குறைச்சிருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்-க்கு 2021-ல், 5.12 கெர்னல்ல வந்ததும், கடைசியில காலியா கிடக்கிற இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிற சோதனை வசதிதான்.)

கைநடுக்கத்தோட சீனியருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தப்பு பண்ணிட்டேன்..."

"எல்விரெடியூஸ் மட்டும் அடிச்சுடாதடா தம்பி, ஃபைல் சிஸ்டத்தோட வாலை அறுத்துடும். ஹோம்ல எவ்வளவு இருக்கு?"

"12 ஜிபிண்ணே."

"அவ்வளவுதானே? எக்ஸ்எஃப்எஸ்டம்ப் எடுத்து வேற சர்வர்ல வை. வால்யூமை அழிச்சு, சின்னதா புதுசு போட்டு ரீஸ்டோர் பண்ணு."

அழிக்கிறதுக்கு முன்னாடி டம்ப் சரியா வந்திருக்கான்னு மூணு தடவை பார்த்தேன். 'ஆமாவா, இல்லையா'ன்னு அது கேட்டப்போ ஒய் அழுத்த விரல் வரலை.

டேட்டாபேஸ் எந்திரிச்சப்போ மணி 5:10. வண்டிங்க அதுக்கப்புறம்தான் கிளம்புச்சு.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, "அம்மா, ஒரு காபி"ன்னேன்.

"கடையில இன்னும் பாலே வரலடா, என்ன எழவோ தெரியல"ன்னாங்க. நான் வாயே தொறக்கலை.