முற்றத்தில் நிற்கும் வண்டி

நல்ல சரக்கு தன்னைத் தானே விற்றுக்கொள்ளும் என்பது வணிகர் பலரின் நம்பிக்கை. மோட்டார்க் கம்பனிகள் விளம்பரத்துக்குப் பெரும்பணம் செலவிடுவதும் தம் பெயரை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தவேயாம். ஆயினும், கொள்வார் வந்து நிற்கையில் விற்பனை நிலையத்தில் வண்டி இல்லையேல், அந்தப் பெயர் எத்தனை நாள் அவரைக் காத்திருக்கச் செய்யும்?

அமெரிக்காவில் கார் வாங்குவோருட் பலர் முகவரின் முற்றத்தில் நிற்பவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அன்றே ஓட்டிச் செல்லும் வழக்கமுடையோர். ஏறக்குறைய 60 நாள் விற்பனைக்குப் போதுமான வண்டிகள் அங்கே நிற்பதே ஒழுங்கு என நெடுங்காலம் கருதப்பட்டது. 2021ஆம் ஆண்டில், காருக்கு இன்றியமையாத மின்னணுச் சில்லுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனி பல ஆலைகளை இடையிடையே மூடிற்று. முகவர்களின் முற்றங்கள் வெறுமையாயின. டொயோட்டாவோ, 2011ஆம் ஆண்டு யப்பானில் நிகழ்ந்த பூகம்பத்தாற் பாடங்கற்று, சில மாதங்களுக்கு வேண்டிய சில்லுகளைச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தது. சரக்கைத் தேக்கி வைப்பதே வீண் என்று உலகுக்குப் போதித்த கம்பனி அதுவே என்பது வியப்பன்றோ!

அவ்வாண்டு அமெரிக்காவில் டொயோட்டா 23 இலட்சத்து 32 ஆயிரம் வண்டிகளையும், ஜெனரல் மோட்டார்ஸ் 22 இலட்சத்து 18 ஆயிரம் வண்டிகளையும் விற்றன. 1931ஆம் ஆண்டு முதல் வகித்த முதலிடம் கைமாறிற்று. மறு ஆண்டில் டொயோட்டாவின் வண்டிகள் அருகின. மற்றதன் கையிருப்பு உயர்ந்தது. முதலிடமும் திரும்பிற்று. ஓராண்டுக்குள் இவற்றின் தரம் தலைகீழாக மாறியிருக்குமா? மாறியது முற்றத்தில் நின்ற வண்டிகளின் தொகையே.

இதனை விளங்கிக்கொள்ள நாம் கார் வாங்கவேண்டியதில்லை. ஒரே பெயருடைய பால்மாவையே பல வருடங்களாக நம் வீட்டில் வாங்கி வந்தோம். பிறிதொன்றில் தேநீர் சுவைக்காது என்றும் சொல்லிக்கொண்டோம். நாட்டில் தட்டுப்பாடு வந்த 2022ஆம் ஆண்டில், வரிசையில் நின்று நம் முறை வந்தபோது, கடைக்காரர் நீட்டிய பொதியின் பெயரை நாம் பார்க்கவேயில்லை. பின்னர் பழைய பெயர் கடைக்கு மீண்டது. புதியதே நம் வீட்டில் தங்கிவிட்டது.

அங்ஙனமாயின் முற்றத்தை நிரப்பி வைத்தாற் போதுமா எனின், அதுவுமன்று. கிறைஸ்லர் கம்பனி 1970களில், முகவர் கேளாத வண்டிகளையும் செய்து குவித்தது. விலைபோகாத பல்லாயிரம் வண்டிகள் திறந்த வெளிகளில் நின்றன. அவற்றில் முடங்கிய பணம் கம்பனியை நெருக்கிற்று. வேறு காரணங்களும் சேர, 1980இல் அரசின் கடன் உத்தரவாதத்தைக் கொண்டே அது பிழைக்கவேண்டியதாயிற்று.

எனவே, வணிகம் பயிலும் மாணவர் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. பெயர் ஒருவரைக் கடை வாயில் வரையிலும் அழைத்து வரும். அவர் வெறுங்கையோடு திரும்புவாராயின், அடுத்த கடையின் வாயிலும் திறந்தே இருக்கின்றது.