அம்மாவின் இரண்டாவது தொழில்



போன ஜூன் மாதம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'கம்பெனி வேலை' என்று எழுதினேன். அது பொய். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. 11 வருஷம் ஷிப்டுக்குப் போனவர். ஜூஜுவாடி ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்.

எங்கள் தாத்தா மண்பானை செய்தவர். பிளாஸ்டிக் குடம் வந்த பிறகு விட்டுவிட்டார். ஒருநாள் அம்மா அவருடைய சக்கரத்தைத் தூசி தட்டி எடுத்தார். "பொம்பளை சக்கரத்துல உக்காரக் கூடாதுடி" என்று பாட்டி சத்தம் போட்டார். தாத்தாதான், "கை வருதான்னு பார்க்கட்டும், விடு" என்றார்.

முதல் சூளையில் வைத்த 40 விளக்குகளில் 26 வெடித்துவிட்டன. அம்மா அழுதுவிட்டார். "உள்ளே ஈரம் இருந்தா அது ஆவியாகி மண்ணை உடைக்கும். நிழல்ல நல்லா காயணும்மா" என்றார் தாத்தா. சுடாத மண் உடைந்தால் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி பிசையலாம். சுட்டது மறுபடி களிமண் ஆகாது. ஆனால் அதை இடித்துச் சலித்துப் புது மண்ணில் கலந்தால், புது மண் காயும்போது விரிசல் குறையும். அந்த 26 விளக்குகளையும் நான்தான் உரலில் இடித்தேன்.

எங்கள் ஓவிய ஆசிரியர் புதுச்சேரியைப் பற்றிச் சொன்னார். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே 1971-இல் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' தொடங்கினார்களாம். அந்த அம்மா ஜப்பானிய மொழி படித்தவர். மீக்கர் முதலில் கட்டடக் கலை படித்தவர். இருவரும் மண்ணுக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் கற்ற பலர் இன்று பெயர் பெற்ற கலைஞர்கள். அங்கே சூளையில் சுமார் 1300 டிகிரி வரை சூடு ஏற்றுவார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு சூட்டுக்கு நம்ம சூளையே உருகிடும்டி" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

கம்பெனிச் சம்பளத்தில் பாதிகூட இன்னும் வரவில்லை. கார்த்திகை மாதம்தான் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு விளக்கின் அடியிலும் அம்மா தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைக்கிறார். கம்பெனியில் 11 வருஷம் செய்த எந்தப் பொருளிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

வகுப்பு டீச்சர், என் படிவத்தை ஒரு தடவை திருப்பித் தருவீர்களா? 'மண்பாண்டக் கலைஞர்' என்று திருத்தி எழுத வேண்டும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி