அம்மா ஏறிவந்த தண்டவாளம்

மேட்டுப்பாளையம் மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவிட்சர்லாந்து எஞ்சினையும் பல்சக்கரத்தையும் சினிமாப் படப்பிடிப்புகளையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதே பாதையில் பெட்டி படுக்கையோடு ஏறிப்போய், இறங்கிவர வழியில்லாமல் மலையிலேயே தங்கிவிட்ட குடும்பங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் பலர் லாரியிலும் பஸ்ஸிலும் நீலகிரிக்குப் போனார்கள். என் அம்மாவின் குடும்பம் ரயிலில் போனது. 1974-ல் அம்மாவுக்குப் பதின்மூன்று வயது.

கோவை சந்திப்பில்தான் இந்தப் பாதையைத் தொடங்க வேண்டும். ஆனால் அம்மாவுக்கு அது நடுவழி. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். ரயிலை அங்கே கோச்சி என்பார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு, வழியனுப்ப வந்த சனங்களே வைத்த பெயர் அழுகை கோச்சி. அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் அந்த நடைமேடைகளில் கட்டிப்பிடித்துக் கதறின. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவை.

எதற்காக அனுப்பினார்கள்? 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே செத்தவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. அடுத்து ஓட்டுரிமையும் போனது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தியோடு இன்னொரு உடன்பாடு போட்டு அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் தேயிலைச் செடிக்கு நடுவே நின்றவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாடுகள் கணக்குத் தீர்க்க மனிதர்களைப் பங்கு போட்டது பெரும் அநியாயம். எத்தனை வருடம் போனாலும் அதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

தாத்தாவின் கொள்ளுத்தாத்தா ராசிபுரம் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போனவர் என்பது வீட்டுப் பேச்சு. அப்போது மலையில் தேயிலை கிடையாது, காப்பித் தோட்டங்கள்தான். கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கடற்கரைவரை நடந்து, தோணியேறி, அங்கே இறங்கி மாத்தளை வரை காடு வழியாக மறுபடியும் நடந்தவர்கள் அந்தத் தலைமுறை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஆக, கொங்கு மண்ணிலிருந்து போன குடும்பம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் கொங்கு மண்ணில்தான் வந்து இறங்கியது. தாத்தா ஒருமுறை ராசிபுரம் போய் விசாரித்திருக்கிறார். குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். கோயிலைக் காட்டினார்கள். சொந்தம் என்று ஒருத்தரும் கிடைக்கவில்லை.

கோவை சந்திப்பை விட்டால் கோவை வடக்கு, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை. இந்த முப்பத்தைந்து கிலோமீட்டர் சமவெளி. ஆலைகளும் தொழிற்கூடங்களும் நெருக்கியடிக்கும் பாதை. மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். அன்றைக்கு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தது ஆலைப் புகைபோக்கிகளை. தாயகம் திரும்பியோருக்கென்று அரசு பிரித்து வைத்திருந்த திட்டங்களில் நூற்பாலை வேலையும் ஒன்று. தோட்ட வேலை ஒன்று, 5,000 ரூபாய் வியாபாரக் கடன் ஒன்று. வியாபாரமே செய்தறியாத சனத்துக்கு வியாபாரக் கடன் கொடுத்தால் என்ன ஆகும்? பாதிப்பேர் அந்தப் பணத்தை உட்கார்ந்து தின்றுவிட்டுத் திசைதெரியாமல் நின்றதாக அம்மா சொல்வார். தாத்தா தோட்ட வேலை கேட்டார். தெரிந்த வேலை அதுதான்.

மேட்டுப்பாளையத்தில் வண்டி மாற வேண்டும். அகல ரயில்பாதை முடிந்து மீட்டர் பாதை தொடங்கும் இடம். இங்கேதான் தாத்தா, தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த பேமிலி கார்டை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு நின்றாராம். அந்தக் கார்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியது. உள்ளே ஒரே போட்டோவில் மொத்தக் குடும்பம்: தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில், பிள்ளைகள் உயர வரிசையில், கடைசிக் குழந்தை பாட்டி மடியில். அம்மா இடமிருந்து மூன்றாவது. இரண்டு சடை, இரவல் சட்டை. கீழே பெயர், வயது, உறவு, தோட்டத்தின் பெயர், வந்து இறங்கிய தேதி. பெயர்களில் இரண்டு எழுத்துப்பிழையோடு இருக்கின்றன. அந்தப் பிழையோடுதான் என் மாமா ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டார்.

பவானியைத் தாண்டிக் கல்லாறு வந்ததும் வண்டியின் சுபாவமே மாறுகிறது. இங்கிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை ஓடும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார். 1899-ல் குன்னூர் வரை திறந்த பாதை இது. 1908-ல் உதகை வரை நீட்டினார்கள். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இலங்கை மலைநாட்டு ரயிலில் பழகிய அம்மாவுக்கு மலையேறும் வண்டி புதிதில்லை. ஆனால் அங்கே வண்டி வளைந்து வளைந்து தன் சக்கரத்திலேயே ஏறும். "பல்லு வச்ச கோச்சிய நான் இங்கதான் மகள் பார்த்தேன்" என்பார். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது பாட்டி கட்டிவந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் எடுத்து வைத்தாராம். அதுவரை அடர்ந்த காடு. ரன்னிமேட் நெருங்கும்போது சரிவில் பச்சைப்பசேலென்று செடி வரிசைகள் தெரிந்திருக்கின்றன. தாத்தா எழுந்து நின்று பார்த்துவிட்டு, "இங்கயும் கொழுந்துதானா" என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் கேட்டாரா, சலிப்பிலா என்று அம்மாவால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

குன்னூரில் இறங்கினார்கள். 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பக்கங்களில் புதிதாகத் தேயிலை நட்டது இவர்களுக்காகத்தான். பிற்பாடு அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. இவர்களை அரசு வாழவைத்தது என்று பேசுகிறார்கள். காட்டுச் சரிவில் குழிவெட்டி, கன்று நட்டு, அட்டைக் கடியோடு களையெடுத்துத் தோட்டமாக்கியவர்கள் இவர்கள்தான். அம்மா பதினாறு வயதில் பேர் பதிந்தார். காலைக் குளிரில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரிசைக்கு, நிற்பதும், நெற்றியில் கயிறு இழுக்கக் கூடை தொங்குவதும், இரண்டு இலையும் மொட்டுமாக ஒடிக்கிற விரல் வேகமும் என்று இலங்கையில் கற்றவை அப்படியே இங்கே உதவின. இன்றும் அம்மாவின் வலது ஆள்காட்டி விரலோரம் கறுத்துத் தடித்திருக்கும். கொழுந்தின் சாறு ஏறிய கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது.

குன்னூருக்கு மேலே பல் வரிசை இல்லை. வெலிங்டனில் ராணுவம், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. கேத்தி வந்ததும் பள்ளத்தாக்கு விரிகிறது. பாலாடா பக்கத்து கேரட், பீட்ரூட் தோட்டங்களில் கூலிக்குக் குனிந்து நிற்பவர்களில் கணிசமானவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். தோட்ட வேலை கிடைக்காதவர்கள், கிடைத்த இடத்தில் நிலைக்க முடியாதவர்கள் இங்கே வந்தார்கள். லவ்டேலைத் தாண்டினால் உதகை, பாதை முடிகிறது.

இந்தக் கடைசி ஸ்டேஷனுக்கு அம்மா சுற்றிப்பார்க்க வந்ததே இல்லை. சான்றிதழுக்காக வந்திருக்கிறார். எனக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்தில் நின்றபோது, பூர்வீகம் எது, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். கார்டைக் காட்டினார். அது அகதி அட்டையா என்றார் உட்கார்ந்திருந்தவர். பலருக்கு இன்றும் இந்தக் குழப்பம் உண்டு. ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்த மலையகத் தமிழர்கள் பலர் முகாம்களில் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருப்பது தனிக் கொடுமை. இரண்டும் ஒரே வேரின் இரண்டு காயங்கள். ஆனால் சட்டம் இரு சாராரையும் வேறாகத்தான் நடத்துகிறது.

இப்போது பிள்ளைகள் அதே பாதையில் கீழே இறங்குகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பட்டறைகளிலும் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். நஷ்டத்தைக் காரணம் காட்டி, டான்டீ நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித்தர 2022-ல் அரசு ஆணையிட்டபோது, ஓய்வுபெற்ற கிழவர்கள் லைன் வீட்டைவிட்டு எங்கே போவது என்று தெருவில் நின்று கேட்டார்கள். உழைத்து உண்டாக்கிய மண்ணில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் வீட்டுமனையாவது கொடுத்திருக்க வேண்டும். இன்னும் கொடுக்கலாம்.

அம்மா இன்று துடியலூரில் எங்களோடு இருக்கிறார். அக்கம்பக்கத்தில் சிலோன் அம்மா என்றால் தெரியும். மறதி தொட ஆரம்பித்திருப்பதால், தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், கங்காணி பெயர், கப்பலேறிய மாதம் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு கார்டு இருக்கலாம். அதைத் தூக்கிப் போடாதீர்கள். நகலெடுத்து வையுங்கள். அந்தப் போட்டோவில் இருப்பவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.