வீட்டிற்கு வந்த பூசை

எங்கள் மாமி இடுப்பெலும்பு முறிந்து நான்கு வருடங்களாகப் படுக்கையில் இருந்தார். அதற்கு முன் ஒரு ஞாயிறும் பூசை தவறவிடாதவர். கோயில் மணி கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28ஆம் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். மறுவருடம் கொரோனா. மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. கோயில் மீண்டும் பூட்டப்பட்டது.

அந்த வருட உயிர்ப்பு ஞாயிறன்று எங்கள் பங்குச் சுவாமியின் பூசை முகநூலில் வந்தது. கைத்தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மாமியின் கட்டிலருகே வைத்தேன். பாட்டு எழும்பியதும் அவர் கண் கலங்கிற்று.

"எனக்காகத்தான் கோயிலைப் பூட்டினவையோ பிள்ளை? இப்பதான் பூசை என்னட்டை வந்திருக்கு" என்றார்.

ஆனால் நற்கருணை நேரம் வந்ததும் மாமி வாயைத் திறந்து காத்திருந்தார். திரையிலிருந்து யார் கொடுப்பது? நான் மெதுவாக அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

ஊரடங்கு தளர்ந்து கோயில் திறந்த பின்பும் நான் போகவில்லை. பிரசங்கம் நடக்கையில் வெங்காயம் உரித்தேன். மன்றாட்டு நேரம் உலை வைத்தேன். மாமிக்குத் துணையிருக்கிறேன் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் ரீலோட் முடிந்து பூசை பாதியில் நின்றபோதுதான் கோயிலுக்குப் போனேன்.

"மாமிக்குச் சுகம்தானே? ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் சுவாமி. அவர் உணவு குறைந்து மெலிந்து போனதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டுபோகும் நோயாளர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. பெயரைக் கொடுத்தேன். அந்த முதல் வெள்ளி மாமி நன்மை வாங்கினார்.

மூன்று மாதங்களில் மாமி காலமானார். கனடாவிலிருந்த மச்சாள் இறுதித் திருப்பலியைக் கைத்தொலைபேசியில் பார்த்து அழுதாள். அதுவுமில்லாவிட்டால் அவள் என்ன செய்திருப்பாள்? ஆனாலும் ஒரு பிடி மண் போட அவள் கை எட்டவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் எழும்ப இயலாதவர்கள் இருந்தால் பூசையைத் திரையில் காட்டுங்கள். அது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நடக்கக்கூடிய நீங்களோ கோயிலுக்குப் போங்கள். போகும்போது அவர்களின் பெயரையும் மறவாமல் கொண்டுபோங்கள்.