பாட்டிக்கும் ஏற்ற வீடு

ஈப்போவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தலைவருக்குக் கோலாலம்பூருக்குப் பணிமாற்றம் கிடைத்தது. நகரின் நடுவே வாடகை அதிகம் என்பதால், புறநகரான சுபாங் ஜெயாவில் வீடு தேட முடிவு செய்தார். மனைவி, படிவம் மூன்றில் பயிலும் மகள், முழங்கால் வலியுள்ள தாய் ஆகியோரையும் உடன் அழைத்துச் சென்றார்.

சுபாங் ஜெயா நிலையத்தில் கொமுட்டர் இரயிலும் இலகு இரயிலும் நிற்கின்றன. அருகிலேயே சுபாங் பரேட் பேரங்காடி உள்ளது. முகவர் அங்கே ஒரு வீட்டைக் காட்டினார். பேரங்காடிக்கு ஐந்து நிமிட நடை; மின்தூக்கி வசதியும் இருந்தது. மாத வாடகை 1,600 ரிங்கிட். அடுத்துக் காட்டிய வீடு சற்றுத் தொலைவில், மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருந்தது. அதன் வாடகை 1,200 ரிங்கிட்.

மலேசியாவில் வாடகைக்கு வீடு எடுப்போர் வழக்கமாக முதல் மாத வாடகையுடன், இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர், மின்சாரத்திற்கான முன்பணமாகவும் கட்டுவார்கள். தந்தை கணக்குப் போட்டார். முதல் வீட்டிற்கு 5,600 ரிங்கிட். இரண்டாவதற்கு 4,200 ரிங்கிட்.

“இரண்டாவது வீட்டை எடுத்தால் ஆண்டுக்கு 4,800 ரிங்கிட் வாடகை மிச்சமாகும்,” என்றார் அவர்.

அந்த வீட்டைப் பார்க்கப் பாட்டி மேலே வரவில்லை. “நான் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்,” என்று கூறிவிட்டார்.

வீடு காற்றோட்டமாக இருந்தது. மகள் சன்னல் வழியே கீழே பார்த்தாள். சிமெண்டு இருக்கையில் பாட்டி தனியே அமர்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நாம் இங்கே குடிவந்தால் பாட்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை கீழே இறங்குவார்?” என்று கேட்டாள்.

தந்தை பதில் பேசவில்லை. படியிறங்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணினார். அன்றிரவு மீண்டும் கணக்குப் பார்த்தார். நிலையம் அருகில் இருந்தால் வேலைக்கு இரயிலிலேயே போகலாம். பெட்ரோல் செலவும் சாலைக் கட்டணமும் குறையும். எஞ்சிய தொகையை மற்றச் செலவுகளைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றார் தாய். மறுநாள் முதல் வீட்டிற்கே ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

குடிவந்த முதல் வாரத்தில் பாட்டி ஒரு காலை வேளையில் வீட்டில் இல்லை. எல்லாரும் பதறினர். சற்று நேரத்தில் மின்தூக்கியின் கதவு திறந்தது. கையில் ஒரு கட்டுக் கீரையுடன் பாட்டி வெளியே வந்தார்.

“பேரங்காடியில் கீரை நன்றாக இருந்தது. இன்றைக்கு நானே சமைக்கிறேன்,” என்றார்.